மாடல் ரயிலும் மாமாவோட கேங் குவார்ட்டர்ஸும்

தீசிஸ் எழுதப் போறேன்னு பெருசா அறிவிப்பு விட்டுட்டு ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கல. தீசிஸும் எழுதல, அது வேற கதை. ஞாயித்துக்கிழமை ஆனா இவன் எங்கடா காணாமப் போறான்னு ரூம்ல ஒரே ஆராய்ச்சி. அல் கூஸ் போறேன்னு சொன்னேன். "ஓ, ஆர்ட் கேலரியா? பெரிய மனுசன் ஆயிட்ட"ன்னு நக்கல். அல் கூஸ்ல அல்சர்கால் அவென்யூ இருக்கறது உண்மைதான். கோடவுனும் ஒரு பழைய மார்பிள் ஃபேக்டரியுமா இருந்த எடம், 2000களோட கடைசியில இருந்து கேலரிகளா மாறிடுச்சு. ஆனா நான் போறது அங்க இல்ல. அதைத் தாண்டி உள்ள போனா டயர் கடை, டிங்கரிங் ஷெட், அலுமினியம் கதவு செய்யுற எடம், லேபர் கேம்ப்னு வரிசையா வரும். அந்தப் புழுதிக்குள்ள ஒரு ஷெட்டு. அங்கதான் எங்க பெரிய மாமா வேலை செய்யுறார்.

மாமாவுக்கு என்ன வேலைன்னு சின்ன வயசுல கேட்டா அம்மா "துபாய்ல பில்டிங் கட்டுறாரு"ன்னு சொல்லும். பொய் இல்ல. கட்டுறாரு. என்ன, ஒவ்வொரு பில்டிங்கும் இடுப்பளவு உயரம் இருக்கும், அவ்வளவுதான். புதுசா அபார்ட்மெண்ட், வில்லான்னு விக்கிறவங்க ஷோரூம் நடுவுல கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஒரு மாடல் வச்சிருப்பாங்க பாருங்க, உள்ள குட்டிக் குட்டியா லைட் எரியும், நீச்சல் குளம் நீலமா மினுங்கும், அதைச் செய்யுற பட்டறை. அக்ரிலிக் ஷீட்டை லேசர்ல வெட்டி, பெயிண்ட் அடிச்சு, ஒட்டி, லைட் போட்டு, மரம் நட்டு அனுப்புவாங்க. மாமா மரம் நடுற செக்‌ஷன். அதாவது சீனரி. இருபத்திரண்டு வருஷமா ஈச்சமரம் நட்டுக்கிட்டிருக்கார். ஒரு மரம் சுண்டுவிரல் நீளம். இதுவரைக்கும் எத்தனை நட்டிருப்பீங்கன்னு கேட்டேன். "ஏல, அம்புட்டையும் நெசமா நட்டிருந்தா இந்தப் பாலைவனத்துல பாதி நெழலாயிருக்கும்ல"ன்னார்.

இந்தப் பதிவு அவரைப் பத்தி இல்ல. (அவரைப் பத்தியும்தான்.) மாடல் ரயில் லேஅவுட்ல என்ன இருக்கணும், என்ன இருக்கக் கூடாதுன்னு எங்க ரெண்டு பேருக்கும் ஒரு வருஷமா ஓடிக்கிட்டிருக்கிற சண்டையைப் பத்தி. முதல்லயே சொல்லிடறேன், சண்டையில நான் தோத்துட்டேன். தோத்ததுக்கப்புறம் எனக்குன்னு ஒரு கருத்து வந்திருக்கு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு பில்டப்பு.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். எங்க தாத்தா, அம்மாவோட அப்பா, ரயில்வேல கேங்மேன். செங்கோட்டை - புனலூர் மீட்டர்கேஜ் லைன். மேற்குத் தொடர்ச்சி மலையைக் குடைஞ்சு 1904ல திறந்த பாதை. செங்கோட்டையில கிளம்பினா பகவதிபுரம், ஆரியங்காவு, எடப்பாளையம், கழுதுருட்டி, தென்மலைன்னு போகும். கழுதுருட்டி பக்கத்துல பதிமூணு கண் பாலம். ஏத்தத்துல முன்னாடி ஒரு டீசல் இழுக்கும், பின்னாடி ஒண்ணு தள்ளும். 2010 செப்டம்பர்ல அகலப்பாதை ஆக்குறதுக்காக அந்த லைனை மூடினாங்க. மூடுறதுக்கு முந்தின கோடை லீவுல நான் அதுல போயிருக்கேன். எனக்குப் பத்து வயசு. குகைக்குள்ள போகும்போது எல்லாரும் ஊளையிட்டதும், எங்கம்மா ஜன்னலை மூடச் சொல்லித் திட்டினதும் ஞாபகம் இருக்கு. வேலையெல்லாம் முடிஞ்சு 2018ல திரும்பவும் முழுசா ரயில் ஓட ஆரம்பிச்சது. பாலம் அங்கயேதான் நிக்குது. ஆனா அந்தச் சின்ன ரயிலு, அந்தச் சத்தம், கைகாட்டி, டோக்கன் வளையம், எல்லாம் போச்சு.

போன வருஷம் மாஸ்டர்ஸ் படிக்க துபாய் வந்தப்போ மாமா பட்டறைக்குப் போனேன். மூலையில ஒரு பிளைவுட் பலகை, நாலடிக்கு ரெண்டடி. அதுல நீல கலர் தெர்மாகோல் மாதிரி ஒண்ணை அடுக்கி மலை செதுக்கி வச்சிருந்தார். (தெர்மாகோல் இல்ல. இங்க மொட்டைமாடியில வெயிலுக்காகப் போடுற இன்சுலேஷன் பலகை. கத்தியில வெட்டினா பனங்கிழங்கு மாதிரி நறுக்குன்னு வெட்டுப்படும், உதிராது. மலை செய்ய இதைவிட நல்ல சாமான் கிடையாது.) என்னா மாமா இதுன்னு கேட்டா, "நம்ம லைனு"ன்னார். முதலாளிகிட்ட சொல்லி மிச்சம் மீதி துண்டு துக்கடாவை வச்சு ராத்திரியில செஞ்சுக்கிட்டிருக்கார். எனக்குத் தலைகால் புரியல. உடனே களத்துல குதிச்சாச்சு.

இங்க கொஞ்சம் கணக்கு. கணக்கு புடிக்காதவங்க அடுத்த பாராவுக்குத் தாவிக்கலாம். உலகத்துல ரொம்பப் பேர் வச்சிருக்கிற மாடல் ரயில் அளவு எச்ஓ, அதாவது 87ல ஒரு பங்கு. அதுல தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். அது ஐரோப்பா, அமெரிக்காவோட 1435 மி.மீ. பாதைக்கான கணக்கு. நம்மூர் அகலப்பாதை 1676 மி.மீ. அதை 87ஆல வகுத்தா 19 மில்லிமீட்டருக்கு மேல வருது. அந்த அளவுல ரெடிமேடா தண்டவாளம் கடையில கெடைக்காது. அதனால நம்மாளுங்க பெரும்பாலும் 16.5லயே ஓட்டிட்டு, கண்டும் காணாம இருந்துக்குவாங்க. ஆனா மீட்டர்கேஜுக்கு யோகம். 1000ஐ 87ஆல வகுத்தா 11.5. சுவிட்சர்லாந்துல மலை ரயில் நெறைய மீட்டர்கேஜ்தான், அந்த மாடல்களுக்காக 12 மில்லிமீட்டர் தண்டவாளம் ரெடியா கெடைக்குது. அரை மில்லிமீட்டர் வித்தியாசம், செங்கோட்டைக்காரன் கண்டுபுடிக்க மாட்டான். சுவிஸ்காரன் வாழ்க. செங்கோட்டையில இருந்து புனலூர் ஏறக்குறைய 49 கிலோமீட்டர். அதை 87ஆல வகுத்தா 560 மீட்டருக்கு மேல. மாமா பட்டறையில எங்களுக்குக் கெடைச்ச சுவர் ஒம்பது மீட்டர் கூட இல்ல.

ஆக, எதை வைக்கிறது எதை விடுறதுங்கறதுதான் லேஅவுட். அங்கதான் சண்டை ஆரம்பிச்சது.

நான் சொன்னேன், பதிமூணு கண் பாலம்தான் முதல்ல. பாலம், அதுக்கு மேல ஒய்டிஎம்-4 டீசல் இஞ்சின், பின்னாடி பச்சை மலை, கீழ ரோட்டுல ஒரு பஸ். போட்டோ எடுத்தா அள்ளும். மாமா தலையை ஆட்டிட்டே இருந்தார். அடுத்த ஞாயிறு போனேன். பலகையில பாலத்துக்கான அறிகுறியே இல்ல. ஒரு ஓரமா நாலு வீடு வரிசையா நிக்குது. ஒரே சுவர் ஒட்டின வீடு, ஓடு போட்ட கூரை, முன்னாடி சின்னத் திண்ணை. ஒரு வீட்டு வாசல்ல கொடி கட்டி, அதுல மில்லிமீட்டர் அளவுல காக்கி ட்ரவுசர் காயுது. கேங் குவார்ட்டர்ஸ். மாமா பொறந்த வீடு.

"மாமா, இதைப் பாக்க யாரு வருவா?"ன்னு கேட்டுட்டேன்.

அவர் கோவப்படல. பட்டறைக்கு நடுவுல டெலிவரிக்கு ரெடியா இருந்த ஒரு மாடல்கிட்ட கூட்டிட்டுப் போனார். எந்த புராஜெக்ட், எங்க வரப்போகுதுன்னெல்லாம் வேணாம். நாப்பது மாடிக் கோபுரம் மூணு, நடுவுல செயற்கை ஏரி, சுத்தி வில்லா. "இதுல எத்தன ஆளு வச்சிருக்கேன் சொல்லு பாப்பம்"ன்னார். தேடினேன். ஏரிக்கரையில ஒரு ஜோடி நடந்து போகுது. நீச்சல் குளத்துகிட்ட நாலு பேர் படுத்திருக்காங்க. எல்லாமே வெள்ளையா, மூஞ்சி இல்லாம. "இந்தச் செடிக்கு யாரு தண்ணி ஊத்துறா? இந்தக் கண்ணாடிய யாரு கயித்துல தொங்கிக்கிட்டுத் தொடைக்கா? அவன் எங்கன தங்கியிருக்கான்? அவன் வந்து எறங்குற பஸ் ஸ்டாப் எங்க? இருபத்திரண்டு வருசத்துல ஒரு லேபர் கேம்ப் மாடல் கூட நான் செஞ்சது கெடையாதுல. அப்படி ஒரு ஆர்டரு வராது."

அப்புறம் சொன்னதுதான் எனக்குச் சுருக்குன்னு குத்துச்சு. "நீ கேக்கிற பாலமும் இதே மாதிரிதான் மருமவனே. அழகான பாலம், அழகான ரயிலு, ஆளு கெடையாது."

சரி, இப்ப நம்ம கருத்து. மாடல் ரயில்னா நம்மூர்ல "பொம்மை ரயில்"னுதான் பேரு. குழந்தைகள் சமாச்சாரம், இல்லேன்னா வெளிநாட்டுக்காரன் பணக்காரப் பொழுதுபோக்கு. ரெண்டுமே முழு உண்மை இல்ல. புனேல கோத்ருட் பகுதியில ஜோஷின்னு ஒருத்தரு வாழ்நாள் பூரா சேத்துச் செஞ்ச குட்டி ரயில் மியூசியம் இருக்கு. 1998 ஏப்ரல் 1ஆம் தேதி பொதுமக்களுக்குத் திறந்தாங்க. ஏப்ரல் ஒண்ணுன்னாலும் ஏமாத்தல, நெசமாவே இருக்கு. முன்னாடி பிரிச்சு எடுத்துட்டுப் போற மாதிரி லேஅவுட் செஞ்சு கண்காட்சிகள்ல வச்சவர், அப்புறம் ஒரே இடத்துல நிலையா நிறுத்திட்டார். ஒரு கற்பனை நகரம், அதுல சர்க்கஸ், திறந்தவெளி சினிமா, சிக்னல், லைட்டு எல்லாம். தனிமனுசன் ஆசையில ஆரம்பிச்சு ஒரு ஊருக்கே சொத்தா ஆகும்னு காட்டின எடம் அது.

பெரிய கைன்னா ஜெர்மனி. ஹாம்பர்க்ல மினியேச்சர் வுண்டர்லாண்ட். பிராவுன்னு இரட்டைச் சகோதரர்கள், ஃப்ரெடெரிக், கெரிட். 2000 கடைசியில கட்ட ஆரம்பிச்சு 2001 ஆகஸ்ட்ல முதல் பகுதியைத் திறந்துட்டாங்க. இன்னும் கட்டி முடிக்கல. முடிக்கறதா எண்ணமும் இல்ல. அமெரிக்கா, ஸ்காண்டிநேவியா, சுவிட்சர்லாந்து, 2011ல விமானம் ஓடி மேலேறுற ஏர்போர்ட், 2016ல இத்தாலி, 2021ல ரியோ டி ஜெனிரோன்னு கூட்டிக்கிட்டே போறாங்க. தண்டவாளம் மட்டும் 16 கிலோமீட்டருக்கு மேல. இதெல்லாம் கின்னஸ் சமாச்சாரம், விடுங்க. நான் சொல்ல வந்தது வேற. அங்க ரெண்டரை லட்சத்துக்கும் மேல குட்டி மனுசங்க இருக்காங்க. ஒவ்வொருத்தனும் ஏதோ ஒரு சோலி பாத்துக்கிட்டிருக்கான். ஒருத்தன் பைப் ரிப்பேர் பண்றான், ஒருத்தி யாரையோ திட்டுறா, ஒருத்தன் தப்பா பார்க் பண்ணி மாட்டிக்கிட்டு நிக்கிறான். வீடியோவைப் பாருங்க, ரயில் வந்தா ஜனங்க ஒரு நிமிஷம் பாக்குது. அப்புறம் குனிஞ்சு குனிஞ்சு ஆளுங்களைத்தான் தேடுது. அதுமட்டுமில்ல, பெர்லின் சுவரால ஊரு ரெண்டா பிரிஞ்ச கதையையும் அதே சின்ன அளவுல வரிசையாச் செஞ்சு வச்சிருக்காங்க. குட்டியா இருக்கறதால அழகை மட்டும்தான் காட்டணும்னு சட்டம் ஒண்ணும் இல்லைங்கறதுக்கு எனக்குக் கெடைச்ச சாட்சி அதுதான்.

நம்ம பக்கம் என்ன பண்றோம்? பழைய இஞ்சினுக்குப் பெயிண்ட் அடிச்சு ஸ்டேஷன் வாசல்ல மேடை கட்டி நிறுத்தறோம். தப்பில்ல. பெரம்பூர் ஐசிஎஃப் பக்கத்துல சென்னை ரயில் மியூசியம் 2002ல வந்தது, அங்க நின்னு பெரிய வண்டிகளைத் தொட்டுப் பாக்குறது சுகம்தான். ஆனா இஞ்சினைக் காப்பாத்தினா லைனைக் காப்பாத்தினதா ஆகுமா? லைன்ங்கறது இஞ்சின் இல்லையே. மலை, வளைவு, கைகாட்டி, ஸ்டேஷன்ல சுக்குக்காபி விக்கிறவரு, கேட்டுல காத்திருக்கிற மாட்டுவண்டி, ஜல்லியை அணைச்சு விடுற கேங், எத்தனை மணிக்கு எது எங்க நிக்கும்ங்கற கணக்கு, இத்தனையும் சேர்ந்ததுதான். இஞ்சினை நிறுத்தி வைக்கலாம். ஒரு லைனை அது ஓடுற மாதிரியே ஒரு அறைக்குள்ள வைக்க லேஅவுட்டை விட்டா எனக்குத் தெரிஞ்சு வேற வழி இல்ல. படத்துல ஓட்டிக் காட்டலாம், ஆனா படம் எடுத்தவன் நிக்கிற எடத்துலதான் நாமளும் நிக்கணும். லேஅவுட்ல நீங்க சுத்தி வரலாம், குவார்ட்டர்ஸுக்குப் பின்பக்கம் என்ன இருக்குன்னு எட்டிப் பாக்கலாம்.

அதனால தமிழ்நாட்டுல மூடின, மாத்தின மீட்டர்கேஜ் லைன் ஒவ்வொண்ணுக்கும் ஓடுற மாடல் ஒண்ணு வேணும்னு சொல்றேன். 1992ல யூனிகேஜ் திட்டம் வந்ததுல இருந்து ஒவ்வொண்ணா மாறிடுச்சு. மாத்தினது தப்புன்னு சொல்லல. எங்க ஊர்ல இருந்து சென்னைக்கு நேரா வண்டி வேணும்னு நாங்களும்தானே கேட்டோம். சென்னை பீச் - தாம்பரம் மீட்டர்கேஜ் மின்சார ரயில் 1931ல ஆரம்பிச்சு 2004 ஜூலையோட நின்னுது. எழுபத்துமூணு வருஷம் ஒரு ஊரே அதுல வேலைக்குப் போயிருக்கு. அந்தக் காலத்து மாம்பலம் ஸ்டேஷனை காலைல ஒம்பது மணிக் கூட்டத்தோட ஒரு மேசை மேல பாக்கணும்னு உங்களுக்கு ஆசையில்லையா? ஊட்டி ரயிலை விட்டுடுங்க, அது இன்னும் ஓடுது, யுனெஸ்கோ 2005லயே அங்கீகாரம் குடுத்தாச்சு, அதுக்கு ஆள் இருக்கு.

ஆனா ஒரு நிபந்தனை. இஞ்சின்ல ஆரம்பிக்கக் கூடாது. பாலத்துல ஆரம்பிக்கக் கூடாது. ஆளுங்க குடியிருந்த எடத்துல ஆரம்பிக்கணும். இல்லேன்னா என்ன ஆகும்னு எனக்கே தெரியும், ஏன்னா நானே அதைத்தான் செய்ய இருந்தேன். என்னை மாதிரிப் பசங்க பண்ணினா மழைக்காடும் பாலமும் புகையும்னு காலண்டர் படம் மாதிரிதான் வரும். அந்த லைனை நெனைச்சு ஏங்குறவன் பயணியா போனவன். அதை நிக்க வச்சவங்களோட ஞாபகம் வேற. தாத்தா அந்தப் பாலத்தை அழகுன்னு ஒரு தடவை சொல்லிக் கேட்டதில்லைன்னு மாமா சொல்றார். "பாலத்துல நடக்கும்போது வண்டி வந்துட்டா எங்க ஒதுங்கன்னுதான் பாப்பாரு."

இதுக்கு எதிர்வாதம் எனக்கும் தெரியும். பொழுதுபோக்குல போய் சமூக நீதி பேசாதடா, புள்ளைங்களுக்கு ரயில் ஓடினா போதும்னு ஒரு சீனியர் சொன்னார். இருக்கலாம். பாலம் வேணாம்னு நானும் சொல்லல, வரிசையைத்தான் மாத்தச் சொல்றேன். பட்டறைக்கு ஒரு நாள் முதலாளியோட மகன் வந்தான், ஏழு வயசு. ரயிலை ரெண்டு ரவுண்டு பாத்தான். அப்புறம் குவார்ட்டர்ஸ் வாசல்ல சட்டி கழுவுற பொம்மையைக் காட்டி, அது யாருன்னு கேட்டான். மாமா "மை மதர்"னார். பய ரொம்ப நேரம் அங்கயே நின்னான்.

மத்தபடி லேஅவுட் எப்படி வளந்துச்சுன்னா, நாலடிப் பலகை ஒண்ணு இப்ப ஏழு ஆச்சு. இருபத்தெட்டு அடி. நெஜக் கணக்குல முக்கால் கிலோமீட்டர் கூட வராது. வரிசை இது: குவார்ட்டர்ஸ், ஒரு சின்ன ஸ்டேஷன், வெட்டுப்பாறை வளைவு, குகை, ரப்பர் தோட்டம், கடைசி ரெண்டு பலகையில (நான் கால்ல விழுந்து கேட்டு) பாலம். ஒவ்வொரு பலகையும் தனியாக் கழண்டு வரும், ரெண்டு போல்ட்டும் ஒரு வயர் பிளக்கும்தான். ஒரே மேசையாப் போட்டிருந்தா சீக்கிரம் முடிஞ்சிருக்கும். அப்படிப் போடாததுக்குக் காரணம் கடைசியில சொல்றேன்.

ஜல்லிதான் பெரிய பாடு. வெளிய கொட்டிக் கெடக்கே மணலுன்னு அள்ளிட்டு வந்தேன். மாமா ஒரு காந்தத்தை எடுத்து மணலுக்குள்ள விட்டுக் காட்டினார். கறுப்பா மீசை மாதிரி ஒட்டிக்கிட்டு வந்துச்சு. அந்த இரும்புத்தூள் இஞ்சின் மோட்டாருக்குள்ள போனா கதை முடிஞ்சுது. அதுவும் பாலைவன மணல் உருண்டையா இருக்கும், ஜல்லி மாதிரி மூலை இருக்காது. கடைசியில உடைச்ச கல்தூளைச் சலிச்சு, மூணு சைஸ் பிரிச்சு, தண்டவாளத்துக்கு நடுவுல பிரஷ்ஷால பரப்பி, ஃபெவிகாலுக்குச் சரிபாதி தண்ணி கலந்து, ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவுற சோப்பு விட்டு (சோப்பு இல்லேன்னா பசை உள்ள எறங்காம உருண்டு நிக்கும்) சொட்டுச் சொட்டா விட்டோம். ஒரு பலகைக்கு ரெண்டு ஞாயிறு.

மரத்துல ஒரு காமெடி. பட்டறையில ஈச்சமரம் மூட்டை மூட்டையா இருக்கு. எங்களுக்கு வேண்டியது பனை. ரெண்டும் தூரத்துச் சொந்தம்தானேன்னு நான் சொன்னதுக்கு முறைச்சார். பனை ஓலை விசிறி, ஈச்சம் ஓலை இறகு. ஈச்சமரத்து மட்டையெல்லாம் பிச்சுட்டு, பேப்பர்ல விசிறி வெட்டி மடிச்சு, கருக்கு வச்சு, நாப்பது பனை செஞ்சார். ரப்பர் மரத்துல பால் வடியுற சிரட்டை கூட இருக்கு. குண்டூசித் தலைதான் அது.

மே மாசம் ஒரு ஞாயிறு போனா தண்டவாளம் பாம்பு மாதிரி நெளிஞ்சு கெடக்கு. ராத்திரி ஏசியை ஆஃப் பண்ணிட்டுப் போயிருக்காங்க, ஷெட்டு பகல்ல சுட்டு எடுத்திருக்கு. இடைவெளி விடாம நான் எல்லா இணைப்பையும் சால்டர் வச்சு ஒட்டியிருந்தேன், எஞ்சினியர் இல்லையா! மாமா சிரிச்சிட்டு ரம்பத்தை எடுத்து அங்கங்க அரை மில்லிமீட்டர் வெட்டினார். வெயில் காலத்துல தண்டவாளம் நெளியுதான்னு பாத்துக்கிட்டே நடக்குறதுதான் தாத்தாவோட பாதி வேலையாம்.

அமெரிக்காவுல எம்ஐடியில 1946ல ஆரம்பிச்ச மாடல் ரயில் கிளப் ஒண்ணு இருக்கு. அங்க ரெண்டு கோஷ்டி. மேசைக்கு மேல மலை, வீடு செய்யுறவங்க, மேசைக்குக் கீழ வயரும் சுவிட்சுமா படுத்துக் கெடக்குறவங்க. கம்ப்யூட்டர் உலகத்துல "ஹேக்கர்"ங்கற சொல்லே அந்தக் கீழ்க் கோஷ்டிகிட்ட இருந்து பரவினதுதான். ஸ்டீவன் லெவி 1984ல எழுதின புத்தகத்துல இந்தக் கதை விலாவாரியா இருக்கு. எங்க பட்டறையிலயும் அப்படித்தான். மாமா மேல, நான் கீழ. அவருக்கு நான் செஞ்சு குடுக்க வேண்டிய கடைசி வேலை ஒண்ணு பாக்கி.

மழைக்காலத்துல ராத்திரி ரோந்து உண்டு. மலைப்பாதை, மண்ணு சரிஞ்சா வண்டி போச்சு. ரெண்டு பக்கத்துல இருந்தும் ஒவ்வொரு கேங்மேன் ராந்தலோட கிளம்பி லைனைப் பாத்துக்கிட்டே நடக்கணும். கையில கொடி, விளக்கு, ஆபத்துன்னா தண்டவாளத்துல வைக்கிற பட்டாசு. நடுவுல ஒரு எடத்துல ரெண்டு பேரும் சந்திச்சு, ரோந்துப் புத்தகத்தை மாத்திக்கிட்டுத் திரும்பணும். தான் நடந்ததுக்கு அடுத்தவன் புத்தகம்தான் அத்தாட்சி. குவார்ட்டர்ஸ் திண்ணையில இருந்து பாத்தா தாத்தாவோட வெளிச்சம் மட்டும் வளைவு வளைவாப் போகும், காணாமப் போகும், மறுபடி தெரியும். மாமா அதைப் பாத்துக்கிட்டே தூங்கிடுவாராம். அந்த வெளிச்சம் லேஅவுட்ல வரணும்.

தண்டவாளத்தை ஒட்டி அரிசி சைஸ்ல அறுபது எல்இடி பதிச்சு, ஒண்ணு அணைய அடுத்தது எரியுற மாதிரி புரோகிராம் எழுதினேன். பட்டறை லைட்டை அணைச்சுட்டுப் பாத்தா ரெண்டு பேர் நடந்து வர்ற மாதிரியே இருக்கு. பாவி மழை ஒண்ணுதான் இல்ல.

பலகையெல்லாம் கழட்டுற மாதிரி செஞ்ச காரணம் சொல்றேன்னேனே. மாமாவுக்கு அடுத்த வருஷம் விசா முடியுது, ஊருக்குக் கிளம்புறார். ஏழு பலகையும் மரப்பெட்டிக்குள்ள கார்கோவுல போகணும். எங்க போகும்னு தெரியல. எங்க வீட்டு ஹால் பதினாலு அடி. மாமா வீடு அதைவிடச் சின்னது. ஸ்கூல் ஒண்ணுல கேட்டுப் பாக்கலாம்னு அம்மா சொல்லுது. "பாலத்த மட்டும் ஷோகேஸ்ல வச்சுக்கோயேன்"னு சொந்தக்காரங்க யோசனை. தென்காசி, செங்கோட்டைப் பக்கம் நல்ல கூரை போட்ட, கரையான் இல்லாத, இருபத்தெட்டு அடிச் சுவர் யார்கிட்டயாவது இருந்தா சொல்லுங்க மக்களே, நெசமாத்தான் கேக்குறேன். அப்படியே யார் வீட்டு ஆல்பத்துலயாவது பழைய கேங் குவார்ட்டர்ஸோட பின்பக்கம் தெரியுற போட்டோ இருந்தாலும் அனுப்புங்க. முன்பக்கம் மாமாவுக்கு ஞாபகம் இருக்கு. பின்பக்கம் கெணறு இடதா வலதான்னு அவருக்கும் எங்கம்மாவுக்கும் போன்லயே பெரிய சண்டை.

டிஸ்கி: ரோந்து புரோகிராம்ல ஒரு பிழை இருக்கு. ரெண்டு விளக்கும் ஒரே நேரத்துல நடுவுக்கு வரணும், ஆனா குவார்ட்டர்ஸ் பக்கத்து விளக்கு நாலு செகண்ட் முந்தி வந்து நின்னுடுது. சரி பண்ணிடறேன் மாமான்னு லேப்டாப்பைத் திறந்தேன். "வேணாம், விடு. எங்கப்பா எப்பவும் முந்திப் போய் நின்னுக்கிட்டுத்தான் இருப்பாரு"ன்னுட்டார்.